தண்ணீர் ஊற்றியும் வாடும் பரங்கிக்கொடி

நேற்று வரை வேலி தாண்டி ஓடிக்கொண்டிருந்த பரங்கிக்கொடி, இன்று மதியம் பார்த்தால் ஈரத்துணி மாதிரி இலைகளைத் தொங்கப்போட்டிருக்கிறது. உடனே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். நானும் ஓடியிருக்கிறேன். அப்படி ஊற்றி ஊற்றியே ஒரு சுரைக்கொடியைக் கொன்றும் இருக்கிறேன்.

பரங்கி இலை நிமிர்ந்து நிற்பது தண்ணீரின் பலத்தில்தான். காற்றடித்த சைக்கிள் ட்யூப் விறைப்பது போல, செல்களுக்குள் நீர் நிறைந்து சுவரை அழுத்துவதால் இலை விரிந்து நிற்கிறது. அந்த நீர் இலைத்துளைகள் வழியே ஆவியாகிப் போகப் போக, வேரிலிருந்து சைலக் குழாய்கள் வழியாக அடுத்த நீர் மேலே இழுபடுகிறது. பரங்கிக் குடும்பத்துச் செடிகளுக்கு இந்தக் குழாய்கள் நல்ல அகலம். முற்றிய தண்டைக் குறுக்கே வெட்டினால் வெறும் கண்ணுக்கே துளைகள் தெரியும். குழாயின் அகலம் இரண்டு மடங்கானால், அதே அழுத்தத்தில் 16 மடங்கு நீர் ஓடும். ஒல்லித் தண்டு அத்தனை பெரிய இலைகளுக்குத் தண்ணீர் கொடுக்க முடிவது இதனால்தான். ஆனால் தண்ணீர்ச் செலவும் அதே அளவு பெரிது. வழியில் எங்காவது அடைபட்டால் ஓரிரு நாளில் கொடி படுத்துவிடும்.

அதனால் குடத்தை எடுக்கும் முன் மறுநாள் விடியற்காலை ஒருமுறை போய்ப் பாருங்கள். மதியம் தொங்கிய இலை காலையில் நிமிர்ந்திருந்தால் பெரும்பாலும் பயமில்லை. உச்சிவெயிலில் ஆவியாகும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். வேரடியில் வைக்கோலோ சருகோ மூடாக்காகப் போட்டு, காலையில் ஆழமாக நீர் பாய்ச்சினால் போதும். விடிந்தும் இலை தொங்கினால்தான் சிக்கல்.

அப்போது மண்ணுக்குள் விரலை விடுங்கள். சேறாக இருந்தால் குற்றவாளி நாம்தான். வேருக்கும் மூச்சு வேண்டும். ஆக்சிஜன் கிடைக்காத வேர், நீரை உள்ளே விடும் நுண்வாசல்களை மூடிக்கொள்கிறது. சுற்றிலும் தண்ணீர் நிற்க, செடி தாகத்தில் வாடும். நாமோ அதைப் பார்த்து இன்னும் ஒரு குடம் ஊற்றுவோம். மாடித்தோட்டப் பைகளில் அடித்துளை அடைபட்டால் நடப்பதும் இதேதான்.

மண் சரியாக இருந்தால் வேரைப் பார்க்க வேண்டும். இலைகளைச் சல்லடையாக்கும் ஆரஞ்சுச் சிவப்பு வண்டைப் பலரும் பார்த்திருப்பீர்கள்: சிவப்புப் பூசணி வண்டு. அது முட்டையிடுவது செடியடியின் ஈரமண்ணில். வெளியே வரும் வெண்மஞ்சள் புழு வேரையும் மண்ணுக்குள் இருக்கும் தண்டையும் குடைகிறது. இலையில் ஓட்டை போட்டதற்கு வருத்தப்படுகிறோம். பெரிய சேதம் கீழே நடக்கிறது. அதிகாலையில் இந்த வண்டு மந்தமாக இருக்கும், கையாலேயே பிடித்து சோப்புத் தண்ணீரில் போடலாம். செடியடி மண்ணை லேசாகக் கிளறிவிட்டால் முட்டையும் புழுவும் வெயிலுக்கு வந்துவிடும். இளஞ்செடிக்கு அடுப்புச் சாம்பல் தூவுவதும் பலனுள்ள பழக்கம்தான்.

வேரில் மணிமணியாக முடிச்சுகள் இருந்தால் நூற்புழு. வேப்பம் புண்ணாக்கு போடலாம், அந்த இடத்தில் அடுத்த பட்டத்துக்கு செண்டுமல்லி வைக்கலாம். இந்தப் பட்டம் பெரிதாகத் தேறாது.

தண்டை நீளவாக்கில் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடுகள் ஓடுகின்றனவா? ஃபியுசேரியம் பூஞ்சையாக இருக்கலாம். இதன் வெவ்வேறு வகைகள் தர்பூசணி, வெள்ளரி, சுரை என்று பலவற்றையும் பிடிக்கும். பூஞ்சை சைலக் குழாய்க்குள் வளர, அதைத் தடுக்கச் செடியும் தன் பங்குக்குப் பிசின் கொண்டு குழாயை அடைத்துக்கொள்ளும். முடிவில் தண்ணீர் ஏறாது. இதற்கு மருந்தில்லை, செடியைப் பிடுங்கி எரித்துவிடுங்கள், உரக்குழியில் போட வேண்டாம். வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும். அடுத்த முறை வேறிடத்தில், டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சை கலந்த தொழுவுரம் போட்டு நடுங்கள். 1920களின் பிற்பகுதியில் ஜப்பானியர்கள் இதற்கு ஓர் அழகான வழி கண்டார்கள். தர்பூசணியைத் தாக்கும் ஃபியுசேரியம் வகைக்கு சுரை பொதுவாக மசியாது என்பதால், சுரை வேரின் மேல் தர்பூசணியை ஒட்டுக்கட்டினார்கள்.

யூட்யூபில் அமெரிக்கத் தோட்டக்காரர்கள் தண்டைக் கீறிக் கொழுத்த வெள்ளைப் புழுவை எடுப்பார்கள். அந்தத் துளைப்பான் அமெரிக்கக் கண்டத்து அந்துப்பூச்சி. அதன் உறவுக்காரப் பூச்சி ஒன்று இங்கே புடலந்தண்டைக் குடையும், குடைந்த இடம் வீங்கியிருக்கும். வீக்கமோ துளையோ இல்லாத தண்டை வீடியோ பார்த்துக் கீறாதீர்கள்.

அவர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. தரையில் படரும் பரங்கிக்கொடியின் கணுக்களை இரண்டு மூன்று இடங்களில் மண்ணால் மூடி ஈரமாக வைத்தால், அங்கே புது வேர் இறங்கும். அப்புறம் அடிவேரைப் புழு தின்றாலும் கொடியின் நுனியில் இருக்கும் காய்க்கு வேறொரு வழியில் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும்.