மஞ்சள் அட்டை மலேரியாவைத் தடுக்காது

சென்ற வாரமும் ஒருவர் வந்தார். ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு தோண்டுபவர். உகாண்டாவிலிருந்து ஊர் திரும்பிப் பத்து நாள் ஆகியிருந்தது. நான்கு நாளாகக் காய்ச்சல். தட்டணுக்கள் குறைந்திருப்பதாகப் பரிசோதனை முடிவு வந்ததும் டெங்கு என்று வீட்டிலேயே தீர்மானித்து, இரண்டு நாள் பப்பாளி இலைச் சாறு கொடுத்திருக்கிறார்கள். என்னிடம் கொண்டுவந்தபோது கண்கள் மஞ்சளித்து, சிறுநீர் கறுத்து, மனைவியின் பெயரைச் சொல்லவே நாக்குக் குழறியது. வெளிநாட்டில் இருந்தவர் என்பதையே நான் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால், சிவப்பணுக்களுக்குள் மோதிர வடிவ ஒட்டுண்ணிகள். சில அணுக்களில் இரண்டு, மூன்றுகூட. மலேரியா வகைகளிலேயே மிக ஆபத்தான ஃபால்சிபாரம். ஆர்ட்டிசுனேட் என்ற மலேரியா மருந்து ஊசியால் உயிர் தப்பினார். சிறுநீரகம் இன்னும் முழுதாகத் தேறவில்லை.

தட்டணு குறைந்தாலே டெங்கு என்று எவர் சொன்னது? மலேரியாவிலும் குறையும்.

திருச்செங்கோட்டு வட்டாரத்து ரிக் வண்டிகள் ஆப்பிரிக்கா வரை போகின்றன. கூடவே நம் பிள்ளைகளும் போகிறார்கள். சென்னை கிண்டி கிங் நிலையத்தில் ஊசி போட்டு, அதற்குச் சான்றான மஞ்சள் அட்டையை வாங்கியதும், எல்லா நோய்க்கும் காப்பு கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். அது மஞ்சள் காய்ச்சல் என்ற ஒரே ஒரு வைரஸ் நோய்க்கான ஊசி. மலேரியாவுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இதைவிட எனக்குக் கோபம் வரவைப்பது இன்னொரு பேச்சு. "கொசுக்கடியிலேயே வளர்ந்த உடம்பு டாக்டர், எங்களுக்கு எதிர்ப்புச் சக்தி உண்டு." எதற்கு எதிர்ப்பு? கொசு கடித்ததால் எதிர்ப்புச் சக்தி வராது. அந்தக் கொசு சுமந்து வரும் கிருமியை உடம்பு பல முறை சந்தித்திருந்தால்தான் ஓரளவு வரும். நம் மாநிலத்தில் மலேரியா என்றால் பெரும்பாலும் வைவாக்ஸ் என்ற வேறொரு வகைதான். எப்போதோ வைவாக்ஸ் வந்து குணமானவருக்குக்கூட ஃபால்சிபாரம் புதிய எதிரிதான். உகாண்டாவில் உங்களோடு வேலை செய்பவர் காய்ச்சல் வந்து, மாத்திரை போட்டு, இரண்டு நாளில் எழுந்துவிடுகிறார் என்றால், அவர் குழந்தையிலிருந்து அந்த ஒட்டுண்ணியோடு போராடிப் பிழைத்தவர். அதே ஊரில் பிழைக்காமல் போன ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஏராளம். அவருக்கும்கூட அந்தக் காப்பு அரைகுறைதான். சில ஆண்டுகள் மலேரியா இல்லாத வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பினால் அதுவும் தேய்ந்துவிடும். அப்படியிருக்க, நேற்று விமானத்தில் போய் இறங்கிய உங்களுக்கு அது எங்கிருந்து வரும்? உடம்பு வலுவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. 1841-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் ஆற்றில் போன பிரிட்டிஷ் பயணக் குழுவில் இருந்த சுமார் 150 ஐரோப்பியரில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலும் காய்ச்சலில். 1854-இல் அதே ஆற்றில் பெய்க்கி என்ற மருத்துவரின் குழு தினமும் மலேரியா மருந்தான குயினைன் சாப்பிட்டுக்கொண்டு போனது. ஒருவர்கூடச் சாகவில்லை.

எனவே மலேரியாத் தடுப்பு மருந்தில்லாமல் கிளம்பாதீர்கள். டிக்கெட் போட்டதுமே மருத்துவரைப் பாருங்கள். சில மாத்திரைகளைப் பயணத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்க வேண்டும். டாக்சிசைக்ளின் என்றால் ஓரிரு நாள் முன்பு போதும், ஆனால் ஊர் திரும்பிய பிறகும் நான்கு வாரம் விடாமல் சாப்பிட வேண்டும். வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் மாத்திரை அட்டையைப் பையிலேயே விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். தயவுசெய்து விடாதீர்கள். நிலவேம்புக் குடிநீர் இதற்கு மாற்றாகாது. மருந்து பூசிய கொசுவலைக்குள் தூங்குங்கள். மலேரியாக் கொசு கடிப்பது பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை. அந்த நேரத்தில் முழுக்கைச் சட்டையும் கொசுவிரட்டிக் களிம்பும் வேண்டும். மாத்திரை, வலை, களிம்புச் செலவைக் கொடுக்காத முதலாளியிடம் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை.

திரும்பி வந்து மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், மலேரியா இல்லை என்று நிரூபிக்கப்படும் வரை அது மலேரியாதான். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கும் இதே விதி. நாளை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், அன்றே போங்கள். முதல் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தாலும் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் மூன்றாம் முறையும். மருத்துவர் கேட்காவிட்டாலும், அவர் நாடி பிடிக்கும் முன்பே, எந்த நாட்டிலிருந்து என்றைக்கு வந்தீர்கள் என்று சொல்லிவிடுங்கள். பேச முடியாத நிலையில் நோயாளி இருந்தால், உடன் வருகிறவர்கள் சொல்லுங்கள்.