ஏட்டில் ஏறாத நெருப்பு

மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பது ஈரோட்டில் யாரும் காசு கொடுத்து வாங்க வேண்டிய தகவல் அல்ல. காலில் கல் கிழித்தால் மஞ்சளைக் குழைத்து அப்பிவிட்டு மறுபடி மண்வெட்டியை எடுக்கிற ஊர் இது. ஆனால் 1995 மார்ச்சில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் இதையே புதுக் கண்டுபிடிப்பு என்று ஏற்றுக்கொண்டு, மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் பெயரில் காப்புரிமை கொடுத்துவிட்டது. நம் நாட்டின் அறிவியல் மற்றும் தொழிலக ஆய்வு மன்றம் மறு ஆண்டே எதிர்மனு போட்டது. 1997இல் காப்புரிமை ரத்தானது.

இந்த வெற்றியைப் பற்றி எல்லோரும் பெருமையாகப் பேசுவார்கள். எதனால் வென்றோம் என்பதைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, வேறொரு நாட்டில் ஒரு பழக்கம் ஆயிரம் ஆண்டாக இருந்தாலும் அது கணக்கில் வராது. அச்சில் வந்திருக்க வேண்டும், அல்லது அங்கே காப்புரிமை பெற்றிருக்க வேண்டும். எனவே சமஸ்கிருதம், உருது, இந்தி நூல்களும் 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு கட்டுரையுமாக 32 சான்றுகளைத் திரட்டி வைத்தார்கள். கோடிக்கணக்கான பாட்டிமார்களின் அனுபவம் அந்த வழக்கில் ஒரு சாட்சியாகக்கூட நிற்கவில்லை. காகிதம் நின்றது. (வெளிநாட்டுப் பழக்கத்தையும் முன்பே இருந்த அறிவாக ஏற்கும் திருத்தம் அமெரிக்காவில் 2013இல்தான் நடைமுறைக்கு வந்தது.)

அந்தப் பாடத்தில் பிறந்ததுதான் 2001இல் தொடங்கிய மரபறிவு மின்னூலகம். ஆயுர்வேதம், சித்தம், யுனானி நூல்களில் உள்ள மருந்து முறைகளை ஆங்கிலம், ஜெர்மன், ஜப்பானியம் போன்ற மொழிகளில் பெயர்த்து, உலகக் காப்புரிமை அலுவலகங்கள் தேடிப் பார்க்கும்படி வைத்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அதன் அடிப்படை நூல்கள். நூலே எழுதாத மக்களின் அறிவு அதில் எப்படி நுழையும்?

சத்தியமங்கலத்தில் இருந்து பண்ணாரி தாண்டி, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறினால் ஆசனூர், தாளவாடி. அந்தக் காடுகளிலும் பர்கூர் மலையிலும், மாநில எல்லைக்கு அப்பால் மாதேஸ்வரன் மலை, பிளிகிரிரங்கன் மலையிலும் வாழ்பவர்கள் சோளகர். அவர்களுடைய காட்டறிவில் மூலிகையும் உண்டு, தேனும் உண்டு. நான் இங்கே எடுத்துக்கொள்வது அவற்றை அல்ல, நெருப்பை. எழுதி வைக்க முடியாத அறிவு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

தை, மாசியில் இலையுதிர் காட்டின் தரை முழுக்கச் சருகு. ஆனால் சித்திரை வெயிலில் இருப்பதுபோல் மொறுமொறுப்பாக இருக்காது. மண்ணில் ஈரம் மிச்சம் இருக்கும், காலையில் பனி இறங்கியிருக்கும், புல்லின் அடித்தூர் இன்னும் பச்சையாக இருக்கும். அந்த நேரத்தில் சருகுக்குத் தீ வைத்தால் தீ தரையோடு ஊர்ந்து போகும். ஈரம் தட்டுகிற இடத்தில் தானாகவே அவியும். இதைத்தான் சோளகர் ஆண்டுதோறும் பகுதி பகுதியாகச் செய்துவந்தார்கள்.

மண் வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதால், வேகமாக நகரும் சிறு தீயின் சூடு மேல்மண்ணோடு நின்றுவிடுகிறது. புல்லின் வேர் பிழைத்து, அடுத்த மழைக்குத் துளிர்க்கும். வேங்கை, மருது, நெல்லி போன்ற மரங்களின் தடித்த பட்டை உள்ளே இருக்கும் உயிர்த்திசுவைக் காக்கும். சாவது எது? அந்த ஆண்டு முளைத்த மெல்லிய நாற்றுகள். அவற்றில் முக்கியமானது உண்ணிச்செடி. 1800களின் தொடக்கத்தில் பூ அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அமெரிக்கக் கண்டத்துச் செடி அது. கொண்டைக்குருவி அதன் கருநீலப் பழத்தைத் தின்று விதையைக் காடெங்கும் போடும். ஆண்டுக்கு ஒருமுறை சருகுத் தீ வந்துகொண்டிருந்தவரை, முளைத்தது புதராகும் முன்பே கருகியது.

நெல்லி மரத்தின் கதை இன்னும் நுட்பமானது. கிளையில் புல்லுருவி ஒட்டிக்கொண்டு மரத்தின் நீரையும் உப்பையும் உறிஞ்சும். காய்ப்பு குறையும், முற்றினால் மரமே பட்டுப்போகும். ஆனால் புல்லுருவிக்கு மண்ணில் வேர் கிடையாது. இலையும் தண்டும் சூட்டில் கருகினால் மீண்டும் துளிர்க்க அதற்கு இடமில்லை. நெல்லிக்கு உண்டு. தாழ்ந்த கிளைகளில் இருக்கும் புல்லுருவியைத் தீ கட்டுப்படுத்தும் என்றும், காய் பறிக்க ஏறும்போதே புல்லுருவி பிடித்த கிளையை வெட்டிவிட வேண்டும் என்றும் சோளகப் பெரியவர்கள் சொல்லிவந்தார்கள். பிளிகிரிரங்கன் மலையில் ஆய்வு செய்தவர்கள் பிறகு அதையே எடுத்து எழுதினார்கள். காய் பறிப்பது காட்டைச் சுரண்டுவது என்று எண்ணி 2000களில் அங்கே விற்பனைக்கான சேகரிப்புக்குத் தடை போட்டபோது, மரத்துக்கு வைத்தியம் பார்த்தவர்களும் சேர்ந்தே வெளியேறினார்கள். தடை போட்டவர்களின் நோக்கம் நல்லதுதான், அதில் சந்தேகமில்லை. கிளையை யார் வெட்டுவது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

தீக்குத் தடை இதற்கெல்லாம் முந்தியது. 1972இல் வனவிலங்குச் சட்டம் வந்தது, 1974இல் பிளிகிரிரங்கன் மலை சரணாலயமானது, தீ வைப்பது குற்றமானது. அதன் பிறகு உண்ணிச்செடி தடையில்லாமல் ஏறியது. ஆள் உயரத்துக்கு மேல் புதராகி, நிழலால் புல்லைக் கொன்றது. அதன் இலையை மாடும் மானும் தொடாது. தொட்டால் நஞ்சு. தண்டோ கோடையில் விறகுபோலக் காய்ந்து நிற்கிறது. இப்போது பங்குனி, சித்திரையில் தீப்பிடித்தால், அது தரையில் ஊர்வதில்லை, புதர் வழியாக மரத்தின் தலைக்கே ஏறுகிறது. தீயே வேண்டாம் என்ற கொள்கை மிகப் பெரிய தீக்கு விறகு அடுக்கிக் கொடுத்துவிட்டது.

அப்படியானால் நாளைக்கே போய்ப் பற்ற வைத்தால் சரியாகிவிடுமா? ஆகாது. முதிர்ந்த உண்ணிச்செடி தீக்குப் பிறகு அடித்தூரில் இருந்து மீண்டும் துளிர்க்கும். இன்றைய புதர்க்காட்டில் சின்னத் தீ என்பதே சாத்தியமில்லை. முதலில் வேர்க்கட்டையோடு பிடுங்க வேண்டும், புல் திரும்ப வேண்டும், அதற்குப் பிறகுதான் சருகுத் தீ தன் வேலையைச் செய்யும். “சோளகர் தைமாதம் தீ வைப்பர்” என்று ஒரு வரியை ஏட்டில் எழுதிவைத்துவிட்டால் அறிவு காப்பாற்றப்பட்டது என்று நினைப்பது, நீச்சலைப் பற்றிப் படித்துவிட்டுப் பவானியில் குதிப்பது மாதிரி. எந்த ஆண்டு, எந்தச் சரிவு, காற்று எந்தப் பக்கம், எந்த மரத்தடியை முதலில் கூட்டித் தள்ள வேண்டும் என்பதெல்லாம் செய்து செய்து வருவது.

இந்த இடத்தில் நம் சட்டங்களைப் பார்க்கலாம். 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டம் ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு மேலாண்மைக் குழு, ஒரு மக்கள் பன்மயப் பதிவேடு என்கிறது. வெளிநாட்டு நிறுவனம் நம் உயிர்வளத்தையோ அது சார்ந்த அறிவையோ பயன்படுத்த, சென்னையில் உள்ள தேசிய உயிரியல் பன்மய ஆணையத்தின் அனுமதி வேண்டும், லாபத்தில் பங்கும் தர வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி 31ஐக் கெடுவாக வைத்த பிறகு பதிவேடுகள் அவசர அவசரமாக நிரப்பப்பட்டன. அவசரத்தில் எழுதினால் செடிப் பெயர்ப் பட்டியல்தான் மிஞ்சும். அடுத்து, 2023இல் வந்த திருத்தம் நூல்களில் தொகுக்கப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துவோருக்கு லாபப் பங்கீட்டில் இருந்து விலக்கு கொடுத்துவிட்டது. எழுதினால்தான் திருட்டில் இருந்து பாதுகாப்பு என்று மஞ்சள் வழக்கு சொன்னது. எழுதிவிட்டால் பங்கு கிடைக்காமல் போகலாம் என்று இது சொல்கிறது. பழங்குடி மக்கள் இதில் எதை நம்புவார்கள்?

என்னைக் கேட்டால், உண்மையான பாதுகாப்பு 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. சிறு வனப்பொருள்கள் மீது உடைமை, மரபறிவு மீது சமூகத்தின் அறிவுசார் சொத்துரிமை, தங்கள் காட்டைக் காத்து மேலாண்மை செய்யும் உரிமை ஆகிய மூன்றையும் அது ஒரே பிரிவில் வைத்திருக்கிறது. காட்டில் நடக்க உரிமை இல்லாதவனுக்குக் காட்டறிவின் மீது சொத்துரிமை கொடுத்து என்ன பயன் என்பதை அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள். 2011இல் பிளிகிரிரங்கன் மலைச் சோளகர் புலிகள் காப்பகத்துக்குள்ளேயே சமூக வன உரிமை பெற்றார்கள். இந்தியாவில் அப்படிப் பெற்ற முதல் மக்கள் அவர்கள்தான். அதே மக்களின் உறவினர்கள் வாழும் நம் பக்கத்திலும் 2013 முதல் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம்தான். தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடை நீங்கி வன உரிமைப் பட்டாக்கள் வழங்கத் தொடங்கியதே 2016இல்தான்.

உரிமை கிடைத்த இடத்திலும் தீ வைப்பது இன்னும் குற்றம்தான். ஆஸ்திரேலியாவின் வடக்கில், மேற்கு ஆர்னம் நிலத்தில் பழங்குடியினர் வறட்சிப் பருவத்தின் தொடக்கத்தில் சிறு தீ வைக்கும் பழக்கத்தை, 2006இல் தொடங்கிய ஒரு திட்டத்தின் கீழ் அரசும் ஒரு எரிவாயு நிறுவனமும் காசு கொடுத்து ஆதரித்தன. பருவத்தின் முடிவில் வரும் பெருந்தீ குறைந்து, வெளியேறும் புகையும் குறைகிறது என்பதுதான் கணக்கு. நம் இலையுதிர் காடும் அந்தப் புல்வெளியும் ஒன்றல்ல, அப்படியே இறக்குமதி செய்ய முடியாது. ஆனால் உண்ணிச்செடியைப் பிடுங்கும் வேலை நம் காடுகளிலும் ஏற்கெனவே நடக்கிறது. பிடுங்கிய இடத்தில் சில ஏக்கரைக் கிராம சபையிடம் கொடுத்து, வனத்துறையின் தீயணைப்பு ஆட்கள் பக்கத்தில் நிற்க, ஒரு தைமாதம் பெரியவர்களை வைத்து எரித்துப் பார்க்கலாம். பக்கத்திலேயே எரிக்காத சில ஏக்கரையும் விட்டு, புல், உண்ணி நாற்று, நெல்லிக் காய்ப்பு மூன்றையும் அளந்து வந்தால் போதும். 1970களில் இளைஞராக இருந்து சருகுத் தீயைக் கையால் வைத்தவர்களுக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல். இன்னும் பத்து ஆண்டு கழித்து இந்தச் சோதனையை யாரை வைத்துச் செய்வது?