ஏஎம்டி: 'தானியங்கி'க்குள் அடங்காத ஒரு கியர்

சென்ற ஆண்டு என் சித்தப்பா புதுக் கார் எடுத்தார். முப்பது ஆண்டுகள் கிளட்ச் மிதித்த முழங்காலுக்கு ஓய்வு வேண்டும் என்பதற்காகவே ஆட்டோமேட்டிக் கேட்டு வாங்கினார். ஒரு வாரம் ஓட்டிவிட்டு என்னை அழைத்தார். "கியர் மாறும்போதெல்லாம் தலை முன்னால் போய் வருகிறது. மேம்பாலத்தின் ஏற்றத்தில் நின்று கிளம்பினால் வண்டி பின்னால் நழுவுகிறது. ஆட்டோமேட்டிக் என்றுதானே சொன்னார்கள்?" என்றார். போய்ப் பார்த்தேன். வண்டியில் ஒரு குறையும் இல்லை. அவர் வாங்கியிருந்தது ஏஎம்டி. விற்றவர் அதை விளக்காமல் 'ஆட்டோமேட்டிக்' என்ற ஒரே சொல்லில் முடித்திருந்தார்.

ஏஎம்டியின் விரிவு 'ஆட்டோமேட்டட் மேனுவல் டிரான்ஸ்மிஷன்'. நடுவில் நிற்கும் 'மேனுவல்' என்ற சொல்லைத்தான் எல்லோரும் விழுங்கிவிடுகிறார்கள். கை என்று பொருள்படும் 'மானுஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. ஏஎம்டி காரின் கியர்பாக்ஸ், கையால் கியர் போடும் காரில் இருக்கும் அதே கியர்பாக்ஸ்தான். இன்ஜினைக் கியரோடு இணைத்தும் பிரித்தும் விடும் கிளட்ச் தட்டும் அதேபோன்றதுதான். நம் இடது காலும் இடது கையும் செய்த வேலையை இப்போது சிறு மோட்டார்களோ எண்ணெய் அழுத்தத்தில் நகரும் தண்டுகளோ செய்கின்றன. எப்போது செய்ய வேண்டும் என்று ஒரு கணினிப் பெட்டி கட்டளையிடுகிறது. கிளட்ச் விலகி, கியர் மாறி, கிளட்ச் மீண்டும் பிடிக்கும்வரை சக்கரத்துக்கு விசை போவதில்லை. சித்தப்பாவின் தலை முன்னால் போய் வந்தது அந்த இடைவெளியில்தான்.

'ஆட்டோமேட்டிக்' வேறு. தானே இயங்குவது என்ற பொருளில் வரும் 'ஆட்டோமாட்டோஸ்' என்ற கிரேக்கச் சொல் அதன் வேர். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் 1940ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் 'ஹைட்ரா-மேட்டிக்' என்ற கியர்பாக்ஸைக் கொடுத்தபோது, அந்தச் சொல்லின் வால் பெயரிலேயே ஒட்டிக்கொண்டது. இந்த வகையில் மிதித்து விலக்கும் கிளட்ச் என்ற ஒன்றே கிடையாது. இன்ஜினுக்கும் கியர்களுக்கும் நடுவே எண்ணெய் சுழன்று விசையைக் கடத்துகிறது. இன்று அந்த வேலையைச் செய்யும் உறுப்பு டார்க் கன்வெர்ட்டர். 'ஆட்டோமேட்டட்' என்பதோ 'ஆட்டோமேஷன்' என்ற சொல்லின் வழியில் வந்தது. அந்தச் சொல் 1940களில் ஃபோர்டு தொழிற்சாலையில் புழங்கிப் பரவியது. மனிதன் செய்த வேலையை எந்திரத்திடம் ஒப்படைப்பது அதன் பொருள். ஒன்று தானாக இயங்குவது, மற்றொன்று தானாக இயக்கப்படுவது.

இந்த வேறுபாட்டைச் சொல்லத் தமிழைப்போல் வசதியான மொழி எது என்று எனக்குத் தெரியவில்லை. இயங்கு, இயக்கு, திரும்பு, திருப்பு, மாறு, மாற்று என்று தன்வினையும் பிறவினையும் ஓர் ஒலி மாற்றத்தில் பிரிந்து நிற்கின்றன. 'கியர் மாறுகிறது' என்பதும் 'கியரை மாற்றுகிறது' என்பதும் ஒன்றல்ல என்று பள்ளிக்கூடம் போகாதவருக்கும் தெரியும். இருந்தும் தமிழ்ச் செய்திகளில் ஏஎம்டியும் 'தானியங்கி', கியர் படிகளே இல்லாத சிவிடியும் 'தானியங்கி', இரண்டு கிளட்ச்சுகள் கொண்ட இரட்டைக் கிளட்ச் வகையும் 'தானியங்கி'. நம்மிடம் இருக்கும் கருவியை நாமே எடுத்துப் பயன்படுத்தவில்லை.

அப்படியானால் ஏஎம்டிக்கு என்ன சொல்லலாம்? 'தானியக்கு கியர்' என்று முதலில் நினைத்தேன். இலக்கணம் சரி. ஆனால் ஷோரூம் இரைச்சலில் 'தானியங்கி', 'தானியக்கு' இரண்டும் ஒன்றாகவே காதில் விழும். கையால் மாற்றுவதற்கு எதிர்ச்சொல்லாகப் பிடிக்கலாம் என்றால், 'கைமாற்று' என்ற சொல்லை வட்டியில்லாத சில்லறைக் கடனுக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். ஆகவே மேனுவலுக்குக் 'கைமுறை கியர்', ஏஎம்டிக்குப் 'பொறிமாற்று கியர்' என்பது என் தேர்வு. பொறி மாற்றுகிறது, நடப்பதை நடக்கிறபடி சொல்கிறது. 'தானியங்கி கியர்' என்பதை டார்க் கன்வெர்ட்டர் வகைக்கே விட்டுவிடலாம்.

கியரை மட்டும் ஏன் அப்படியே வைத்திருக்கிறேன் என்று கேட்கலாம். 'பற்சக்கரம்' நல்ல சொல். கடிகாரத்துக்கும் கரும்பு ஆலைக்கும் தாராளமாகப் பொருந்தும். ஆனால் 'மூன்றாம் கியர்' என்னும்போது நாம் சொல்வது ஒரு சக்கரத்தை அல்ல, வேகத்துக்கும் விசைக்கும் உள்ள ஒரு விகிதத்தை. 'மூன்றாம் பற்சக்கரத்தில் ஏறினான்' என்றால் பொருளே கெட்டுவிடும். ஆங்கிலத்திலும் இந்தச் சொல் சக்கரத்திலிருந்து பிறந்ததல்ல. பழைய நார்ஸ் மொழியில் உடை, தளவாடம் என்ற பொருளில் இருந்து, பிறகுதான் எந்திர உறுப்புக்கு வந்தது. கிளட்ச்சுக்கு 'உரசிணைப்பி' என்ற சொல் உண்டு. உரசி இணைப்பது என்று அதன் வேலையை அப்படியே காட்டுவதால் பாடநூலுக்கு நான் அதை விரும்புகிறேன். விரல்களை மடக்கிப் பற்றுவது என்ற பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெயர் கிளட்ச். கவனித்தால், பற்று என்று பெயர் வைத்த ஒன்றை நாம் மிதிப்பது அதன் பற்றை விடுவிக்கத்தான்.

'டிரான்ஸ்மிஷன்' விஷயத்தில்தான் எனக்கு மனக்குறை. அப்பால் அனுப்புவது என்பது அதன் லத்தீன் பொருள். தமிழில் இதைப் 'பரிமாற்றம்' என்று எழுதுகிறார்கள். பரிமாற்றம் என்றால் கொடுத்து வாங்குவது. கடிதப் பரிமாற்றம், கருத்துப் பரிமாற்றம் சரி. இன்ஜினின் விசை சக்கரத்துக்குச் செலுத்தப்படுகிறது. ஆகவே 'விசைச் செலுத்தம்' என்பதே பொருத்தம்.

சொல்லைப் பிரித்தறிவது பணத்தைப் பிரித்தறிவதும்கூட. இந்தியாவில் ஏஎம்டியைச் சாதாரணக் குடும்பங்களின் காருக்குக் கொண்டுவந்தது 2014இல் வந்த மாருதி சுசுகி செலேரியோ. இருக்கும் கியர்பாக்ஸிலேயே கருவியைப் பொருத்திவிடலாம் என்பதால், கைமுறை மாடலைவிடப் பொதுவாக ஏறத்தாழ அரை லட்சம் ரூபாய்தான் கூடுதல். மைலேஜும் பெரிதாகக் குறைவதில்லை. மற்ற வகைகளுக்கு இதைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். ஆனால் மாருதி இதற்கு 'ஆட்டோ கியர் ஷிஃப்ட்' என்றும், ரெனோ 'ஈஸி-ஆர்' என்றும், நிசான் 'ஈஸி-ஷிஃப்ட்' என்றும் பெயர் வைத்தபோது 'மேனுவல்' என்ற சொல் காணாமலே போய்விட்டது.

சென்னையை அடுத்த ஒரகடத்தில் தயாராகும் நிசான் மேக்னைட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பெட்ரோல் இன்ஜினுடன் வருவது ஏஎம்டி. டர்போ இன்ஜினுடன் வருவது சிவிடி. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கார், இரண்டுக்கும் இரண்டே மிதிகள். சிவிடியில் கியர் படிகளே கிடையாது. அகலம் கூடிக் குறையும் இரு கப்பிகளுக்கு நடுவே ஒரு பட்டை ஓட, விகிதம் வழுக்கிக்கொண்டே மாறுகிறது. நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் 1958இல் இதைக் காரில் அறிமுகப்படுத்தியது. இதைத் 'தொடர்மாறு செலுத்தம்' எனலாம். இதில் விகிதம் படிப்படியாக மாற்றப்படுவதில்லை, தொடர்ந்து மாறுகிறது. டாடா நெக்ஸானில் ஏஎம்டியும் உண்டு, இரட்டைக் கிளட்ச் வகையும் உண்டு. பின்னதில் ஒரு கிளட்ச் ஒற்றைப்படை கியர்களையும் மற்றொன்று இரட்டைப்படை கியர்களையும் கவனிப்பதால், அடுத்த கியர் தயாராகவே காத்திருக்கும், தலை ஆடாது.

ஹூண்டாய் 2020இல் வென்யூவில் கொடுத்த ஐஎம்டி ('இன்டெலிஜென்ட் மேனுவல் டிரான்ஸ்மிஷன்') இவை எல்லாவற்றிலிருந்தும் வேறு. அதில் கிளட்ச் மிதி இல்லை, ஆனால் கியரை நம் கைதான் மாற்ற வேண்டும். அதைக் 'கிளட்ச் மிதியில்லாக் கைமுறை கியர்' என்று நீட்டிச் சொன்னாலும் தவறில்லை.

சித்தப்பாவை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து கியர் தண்டைக் காட்டினேன். அதில் 'ஆர்', 'என்', 'டி' இருந்தன. நிறுத்திவைப்பதற்கான 'பி' இல்லை. முழுத் தானியங்கியில் அந்த எழுத்து இருக்கும், பெரும்பாலான ஏஎம்டிகளில் இருக்காது. ஏற்றத்தில் கைபிரேக்கைப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்து, வண்டி இழுப்பது தெரிந்ததும் விடுங்கள் என்றேன். கியர் மாறப்போகும் நேரத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சற்றே தளர்த்தவும் சொன்னேன். மறுநாள் மாலை அதே மேம்பாலத்தில் ஏறினோம். பாதியில் நின்றோம், கிளம்பினோம், வண்டி நழுவவில்லை. "பழைய வண்டியில் நான் செய்ததைத்தானே இதுவும் செய்கிறது" என்றார் சித்தப்பா.