ரீசனபிள் சஸ்பிஷன்: எந்தச் சந்தேகம்?

'சந்தேகத்தின் பேரில் கைது', 'சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை'. இரண்டும் நாளிதழில் ஒரே பக்கத்தில் வரக்கூடிய தலைப்புகள். முதல் சந்தேகம் போலீஸ்காரருடையது, ஆளைப் பிடிக்கிறது. இரண்டாவது நீதிபதியுடையது, ஆளை விடுகிறது. ஆங்கிலத்தில் முன்னது சஸ்பிஷன், பின்னது டவுட். நாம் இரண்டையும் சந்தேகம் என்றே எழுதிப் பழகிவிட்டோம். குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்குகளில் அமெரிக்க நீதிமன்றங்கள் புழங்கும் 'ரீசனபிள் சஸ்பிஷன்' என்ற தொடரை 'நியாயமான சந்தேகம்' என்று பெயர்த்தால், 'நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி' என்ற தீர்ப்பு வாசகத்தோடு அது முட்டிக்கொள்கிறது.

பொருளை முதலில் பார்ப்போம். ஓடும் வண்டியை ஓரங்கட்டச் சொல்லிக் கொஞ்ச நேரம் விசாரிக்க, போலீஸ்காரர் கையில் இருந்தாக வேண்டிய குறைந்தபட்சக் காரணம் இது. 'பார்த்ததும் ஏதோ தோணுச்சு' என்பது போதாது. என்ன கண்டார், அதிலிருந்து ஏன் அப்படி நினைத்தார் என்று பிறகு நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்ல முடிய வேண்டும். கைது செய்ய இதைவிடக் கனமான 'ப்ராபபிள் காஸ்', அதாவது குற்றம் செய்திருக்கக்கூடும் என்று நம்பப் போதுமான காரணம், வேண்டும். தண்டனைக்கு நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் வேண்டும்.

சஸ்பிஷனின் வேர் லத்தீன். கீழ் என்னும் முன்னொட்டும் பார் என்னும் வினையும் சேர்ந்தது. தலை தாழ்த்திக் கண்ணை மட்டும் உயர்த்திப் பார்க்கும் பார்வை. டவுட்டும் லத்தீன்தான், ஆனால் அதற்கு 'இரண்டு' என்ற எண்ணோடு உறவு: இதுவா அதுவா என்ற தடுமாற்றம். நம் சந்தேகம் வடமொழி. பூசுதல், மெழுகுதல் என்ற வேரிலிருந்து வருவதால், எல்லாம் ஒன்றாகப் பூசப்பட்டுத் தெளிவு கெட்ட நிலை என்று பொருள். வேரைப் பார்த்தால் அது டவுட்டின் பக்கம் நிற்கும் சொல்.

சோதனையிடுவதற்கும் பிடிப்பதற்கும் வரம்பு கட்டும் அமெரிக்க அரசியலமைப்பின் 4ஆம் திருத்தத்தில் ப்ராபபிள் காஸ் இருக்கிறது, ரீசனபிள் சஸ்பிஷன் என்ற தொடர் இல்லை. இது நீதிமன்றம் வளர்த்த பிள்ளை. 1963இல் கிளீவ்லாந்தில் மார்ட்டின் மக்ஃபேடன் என்ற துப்பறிவாளர், இரண்டு பேர் ஒரு கடை ஜன்னலை மாறி மாறி எட்டிப் பார்த்துத் திரும்புவதைக் கவனித்தார். கொள்ளைக்கு நோட்டம் பார்க்கிறார்கள் என்று நினைத்துத் தடுத்துச் சோதித்தார், துப்பாக்கி கிடைத்தது. 'டெர்ரி எதிர் ஒஹாயோ' என்ற அந்த வழக்கில் 1968இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் செய்தது சரி என்றது. சுட்டிக்காட்டக்கூடிய, எடுத்துச் சொல்லக்கூடிய உண்மைகள் வேண்டும், வெறும் உள்ளுணர்வு ஆகாது என்ற அளவுகோல் அங்கேதான் பிறந்தது. நீதிபதிக்கே இல்லாத அதிகாரத்தைப் போலீசுக்குக் கொடுக்கிறீர்களே என்று மறுத்தெழுதியவர் நீதிபதி டக்ளஸ் ஒருவர்தான்.

சாலைக்கு வந்தபோது சிக்கல் கூடியது. 1979இல், டெலவேர் வழக்கில், எந்தக் காரணமும் இல்லாமல் போகிற போக்கில் ஒரு வண்டியை நிறுத்தி லைசென்ஸ் கேட்பது செல்லாது என்றது அதே உச்ச நீதிமன்றம். அப்படியானால் சாலையை மறித்து வருகிற வண்டியையெல்லாம் நிறுத்துவது? 1990இல் மிச்சிகன் வழக்கில் அது செல்லும் என்றது. அந்தச் சோதனைச்சாவடியில் ஒன்றேகால் மணி நேரத்தில் 126 வண்டிகள் நின்றன. வண்டிக்குச் சராசரியாக 25 விநாடி. பிடிபட்டவர்கள் 2 பேர். ஒருவரைக் காரணமின்றி நிறுத்தினால் தவறு, எல்லோரையும் நிறுத்தினால் சரி என்பது எனக்கு இன்றும் விநோதமாகத்தான் படுகிறது. தனியொரு போலீஸ்காரரின் விருப்பு வெறுப்புக்கு அங்கே இடமில்லை என்பது அதற்குச் சொல்லப்படும் சமாதானம். ஆனால் அதே மிச்சிகனின் உச்ச நீதிமன்றம் 1993இல் தன் மாநில அரசியலமைப்பைக் காட்டி அந்தச் சாவடிகளை ஏற்க மறுத்துவிட்டது.

2014இல் வந்த நவரெட் வழக்கு இந்தச் சொல்லை இன்னும் இழுத்தது. கலிஃபோர்னியாவில் ஒரு பிக்கப் வண்டி தன்னைச் சாலையை விட்டுத் தள்ளிவிட்டதாகப் பெயர் சொல்லாத ஒருவர் அவசர உதவி எண்ணான 911க்குப் புகார் செய்தார். போலீசார் 5 நிமிடம் பின்தொடர்ந்தும் ஓட்டத்தில் எந்தத் தவறையும் காணவில்லை. ஆனாலும் நிறுத்தினார்கள். செல்லும் என்றவர்கள் 5 பேர், செல்லாது என்றவர்கள் 4 பேர். சாலைத் தடத்தின் கோடுகளுக்குள்ளேயே வண்டி லேசாக அலைந்தால் போதுமா என்பதிலும் மாநில நீதிமன்றங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. பின்விளக்கு எரியாத மாதிரி ஏதாவது விதிமீறல் கண்ணில் பட்டுவிட்டால் இந்த வாதமெல்லாம் தேவையே இல்லை; நிறுத்தலாம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ஐயம் உடனே நினைவுக்கு வரும். 'ஐயத்தின் நீங்கித் தெளிந்தார்க்கு' என்ற குறளில் அது உண்மை எதுவென்ற தடுமாற்றம், அதாவது டவுட். (பிச்சைக்கும் அதே சொல்தான், ஐயமிட்டு உண்.) 'தெளிந்தான்கண் ஐயுறவும்' என்று 510ஆம் குறளில் வருவதோ ஒரு மனிதர்மேல் விழும் பார்வை, சஸ்பிஷன். பழைய நூல்கள் இந்த வேறுபாட்டை வரப்பு கட்டிக் காத்தன என்று சொல்லமாட்டேன். நாம் கட்டிக்கொள்ளலாம்: டவுட்டுக்கு ஐயம், சஸ்பிஷனுக்கு ஐயுறவு.

'நியாயமான' என்ற அடைமொழியும் பொருந்தவில்லை. அது நேர்மையை நினைவூட்டுகிறது. இங்கே வேண்டியது காரணம் காட்ட முடிவது. நம் மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 203ஆம் பிரிவு இதில் கைகொடுக்கிறது. ஓட்டுநரை ஊதச் சொல்ல, அவர் குடித்திருக்கிறார் என்று 'சந்தேகிக்க நியாயமான காரணம்' போலீசுக்கு வேண்டும் என்கிறது. அடைமொழி சந்தேகத்தை விட்டுக் காரணத்தின் மேல் போய் உட்காருகிறது. அந்த அமைப்பையே எடுத்துக்கொண்டு 'ஐயுறத்தக்க காரணம்' என்று எழுதலாம். 'வண்டியை நிறுத்த ஐயுறத்தக்க காரணம் இருந்தது. குற்றமோ ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை' என்று எழுதினால் எது போலீஸ்காரருடையது, எது நீதிபதியுடையது என்று யாரும் விழிக்க மாட்டார்கள்.