கால்சியம் சேனல் பிளாக்கர்: அடைப்பானா, தடுப்பியா?

ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறவர்கள் நம்மிடையே ஏராளம். அது எந்த வகை மருந்து என்று தேடிப் பார்த்தால் ‘கால்சியம் சேனல் பிளாக்கர்’ என்று வரும். உடனே ஒரு பயம்: கால்சியத்தையே அடைத்துவிட்டால் எலும்பு என்னாவது? பெயர் கிளப்பிவிடும் பயம் இது. எலும்பில் இருக்கும் கால்சியத்துக்கும் இந்த மாத்திரைக்கும் வழக்கு எதுவும் இல்லை. தசைச் செல்லுக்குள் கால்சியம் நுழைகிற வாசலில்தான் அதற்கு வேலை.

இந்தப் பெயரைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று பார்ப்போம். முதல் சொல்லில் சிக்கல் இல்லை. லத்தீனில் ‘கால்க்ஸ்’ என்றால் சுண்ணாம்பு. 1808இல் ஹம்ஃப்ரி டேவி அந்தத் தனிமத்தைப் பிரித்தெடுத்தபோது அதிலிருந்தே பெயர் வைத்தார். நம் பாட்டிமார் சொல்லும் ‘சுண்ணாம்புச் சத்து’ மூலச்சொல்லுக்கு அப்படியே பொருந்துகிறது. ஆனாலும் அயனி (மின்னேற்றம் கொண்ட அணு) என்று பேசும்போது கால்சியம் என்றே எழுதிவிடலாம்.

தசை சுருங்கக் கால்சியம் வேண்டும் என்பது தெரியவந்ததே ஒரு வேடிக்கை. லண்டனில் சிட்னி ரிங்கர், தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்க வைத்துக்கொண்டிருந்தார். கரைசலைக் காய்ச்சி வடித்த நீரில் செய்ததாக எண்ணியிருந்தார். உதவியாளரோ குழாய்த் தண்ணீரை ஊற்றியிருந்தார். உண்மையிலேயே வடித்த நீரைப் பயன்படுத்தியதும் துடிப்பு தளர்ந்து நின்றது. குழாய்த் தண்ணீரில் கலந்திருந்த கால்சியம்தான் இதயத்தை ஓட்டியிருக்கிறது என்று 1883இல் எழுதினார்.

1960களில் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் ஆல்பிரெக்ட் ஃப்ளெக்கன்ஸ்டைன் இதே காட்சியை மருந்தால் உண்டாக்கினார். வெராபமில் கொடுத்த இதயத் தசையில் மின்துடிப்பு ஓடியது, சுருக்கம் மட்டும் வலுவிழந்தது. கால்சியத்தைக் கூட்டினால் சுருக்கம் மீண்டது. அவர் வைத்த பெயர் ‘கால்சியம் ஆன்டகோனிஸ்ட்’, அதாவது கால்சிய எதிரி. புரத அளவில் அந்த வாசல் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாத காலம் அது. கண்ட விளைவை வைத்துச் சூட்டிய பெயர். மருந்து கால்சியத்தோடு மல்லுக்கு நிற்பதில்லை என்பதால் இந்தப் பெயரும் கொஞ்சம் இடறத்தான் செய்கிறது. வாசல் பற்றிய அறிவு வளர வளர ‘சேனல் பிளாக்கர்’ முன்னுக்கு வந்தது.

சேனல் என்றதும் நமக்கு டி.வி. நினைவுக்கு வரும். அதன் லத்தீன் மூலம் நாணல், குழாய், கால்வாய் என்று போகிறது. தமிழில் எழுதுவோர் ‘அயனிக் கால்வாய்’, ‘அயனித் தடம்’, ‘அயனி வழி’ என்றெல்லாம் எழுதுகிறார்கள். எனக்கு இவற்றில் திருப்தி இல்லை. கால்வாய் எப்போதும் திறந்து கிடப்பது. வந்த நீரையெல்லாம் விடுவது. செல் சவ்வில் இருக்கும் இந்தப் புரதமோ பெரும்பாலும் மூடியே இருக்கிறது. வெளியே உள்ள கால்சியத்தின் செறிவு உள்ளே இருப்பதைப்போல ஏறத்தாழ 10,000 மடங்கு. சவ்வின் மின்னழுத்தம் மாறினால்தான் வாசல் திறக்கிறது, திறந்ததும் கால்சியம் பாய்கிறது. ஏரிக்கரையில் இப்படி ஒன்று இருக்கிறது, அதன் பெயர் மடை. ‘கால்சிய மடை’ என்றால் ஏறிநிற்கும் அழுத்தமும் கதவும் பாய்ச்சலும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன.

அடுத்தது ‘ரிசெப்டர்’. மருந்து எதில் போய் ஒட்டுகிறதோ அது. பவுல் எர்லிச் 1900 வாக்கில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த இந்தச் சொல்லுக்கு ‘ஏற்பி’ என்று தமிழில் நல்ல சொல் நிலைத்துவிட்டது. ஆனால் இங்கே ஏற்பி தனிப் பொருளல்ல. மடையாக இருக்கும் புரதத்தின் உடம்பிலேயே உள்ள இடுக்குகள்தாம் ஏற்பி. அதற்கு வழங்கும் பெயரைப் பாருங்கள்: ‘டைஹைட்ரோபிரிடின் ஏற்பி’. நிஃபெடிபின், அம்லோடிபின் போன்றவற்றின் வேதிக் குடும்பப் பெயர்தான் டைஹைட்ரோபிரிடின். மருந்தின் பெயரைப் புரதத்துக்கு வைத்திருக்கிறார்கள். விருந்தாளி பெயரில் வீட்டுக்குப் பட்டா!

அந்தப் புரதம் நான்கு பகுதிகள் வட்டமாகக் கூடி, நடுவில் துளை விட்டு நிற்கிறது. 2019இல் நியெங் யான் குழுவினர், முயலின் தசையிலிருந்து எடுத்த இந்தப் புரதத்தை மருந்து ஒட்டிய நிலையிலேயே உறையவைத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம்பிடித்தார்கள். வெராபமிலும், இதே வகை மருந்தான டில்டியாசெமும் நடுத்துளையில் உட்கார்ந்து வழியை மறிக்கின்றன. நிஃபெடிபின் துளைக்குள் இல்லை. 3ஆம், 4ஆம் பகுதிகள் சேரும் பக்கவாட்டு இடுக்கில் செருகிக்கொண்டிருக்கிறது. மடை வாயில் கல் வைப்பது ஒன்று, கதவின் காடியில் ஆப்பு அடிப்பது இன்னொன்று. இதே குடும்பத்தில் பிறந்த பே கே 8644 என்ற சேர்மம் அதே இடுக்கில் உட்கார்ந்து மடையை அதிக நேரம் திறந்தே வைக்கிறது. துளையை அடைப்பது மட்டுமே வேலை என்றால் இது நடக்க வழியில்லை.

ஆகவே ‘அடைப்பான்’ வெராபமிலுக்குச் சரி, அம்லோடிபினுக்குச் சரியில்லை. ‘தடுப்பி’ இரண்டையும் தாங்கும். ‘கால்சிய மடைத் தடுப்பி’ என்பது என் பரிந்துரை. மடை பிடிக்காதவர்கள் ‘கால்சிய வழித் தடுப்பி’ என்று எழுதிக்கொள்ளட்டும். ‘கால்சியத் தடுப்பி’ என்று சுருக்குவதை மட்டும் தவிர்க்க வேண்டும், பழைய பயம் திரும்ப வந்துவிடும்.

எந்தத் தசையில் எவ்வளவு வேலை செய்யும் என்பதிலும் இந்த ஒட்டும் இடம் பேசுகிறது. ரத்தக்குழாய்ச் சுவரின் மென்தசைக்குள் கால்சியம் புகுந்தால் அது கால்மோடுலின் என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு சுருக்கத்தைத் தொடங்கிவைக்கும். குழாய் இறுகும், அழுத்தம் ஏறும். அங்கே மடைகள் பெரும்பாலும் டைஹைட்ரோபிரிடின் விரும்பி ஒட்டும் நிலையில் இருப்பதால், அம்லோடிபின் இதயத்தைவிடக் குழாய்களையே அதிகம் தளர்த்துகிறது. வெராபமில், மடை அடிக்கடி திறக்கும் இடத்தில் நன்றாக ஒட்டும். ஓயாமல் துடிக்கும் இதயத்தின் வேகத்தை அது குறைப்பது அதனால்தான். கைகால்களை அசைக்கும் எலும்புத் தசை ஒரு புதிர். இந்த ஏற்பி மிக அதிகமாக இருப்பது அங்கேதான், முதலில் பிரித்தெடுத்ததும் அங்கிருந்துதான். மாத்திரைக்கோ அங்கே பெரிதாக வேலை இல்லை. காரணம், எலும்புத் தசையில் இந்தப் புரதம் மின்னழுத்தத்தை உணர்ந்து, செல்லுக்குள் உள்ள கால்சியக் கிடங்கின் கதவை நேரடியாக இழுத்துத் திறந்துவிடுகிறது. வெளியிலிருந்து கால்சியம் வரவேண்டிய தேவையே இல்லை. அதனால் அம்லோடிபின் போட்டுக்கொண்டு தாராளமாகக் குடம் தூக்கலாம்.

கடைக்காரரிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம், ‘பிரஷர் மாத்திரை’ போதும். பட்டையில் பெயர் ‘டிபின்’ என்று முடிந்தால் பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான். இப்போது நம்மூரில் பரவலாக எழுதித் தரும் சில்னிடிபின், நரம்பு முனைகளில் இருக்கும் இன்னொரு வகைக் கால்சிய மடையையும் சேர்த்துத் தடுக்கிறது. அம்லோடிபினால் கணுக்கால் வீங்குகிறவர்களுக்கு டாக்டர்கள் அதற்கு மாற்றித் தருவதுண்டு.