ஏஇஎஸ் போட்டாச்சு, ஐவி என்ன ஆச்சு?

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற ஊர்களில் தோட்ட ஆபீசுக்குச் செக்ரோல் (வருகை, சம்பளப் பதிவு) மென்பொருள் எழுதுபவர்கள், ஐசி (அடையாள அட்டை) எண்ணையும் சம்பளத்தையும் எப்படிக் காக்கிறீர்கள் என்றால் "ஏஇஎஸ் 256" (சாவி கொண்டு தகவலைப் பூட்டும் முறை) என்பார்கள். ஓட்டை பெரும்பாலும் அங்கே இல்லை, அந்தப் பூட்டை எப்படிப் பயன்படுத்துவது என்ற மோடிலும், பூட்டும்போது கலக்கும் தொடக்க மதிப்பான ஐவியிலும்தான்.

ஜாவாவில் மோடு குறிப்பிடாமல் வெறும் ‘ஏஇஎஸ்’ என்று கொடுத்தால், வழக்கமாக ஈசிபி என்ற மோடு வந்து உட்காரும். அது தகவலை 16 பைட் துண்டுகளாக்கித் தனித்தனியே பூட்டுவதால், ஒரே துண்டு எப்போதும் ஒரே மாதிரி வெளியே வரும். 1700 ரிங்கிட் வாங்கும் அத்தனை பேர் வரிசையிலும் ஒரே எழுத்துக்கோவை. தன் சம்பளம் தெரிந்த ஒருவர் கையில் டேட்டாபேஸ் நகல் சிக்கினால் போதும், தன்னைப்போல் வாங்குபவர் யார் யார் என்று சாவி இல்லாமலே பொறுக்கிவிடுவார்.

சரி என்று, ஒவ்வொரு துண்டையும் முந்தையதோடு (முதல் துண்டை ஐவியோடு) கலந்து பூட்டும் சிபிசி மோடுக்கு மாறி, ஐவியாக 16 சைபர்களைப் போடுவதும் சாவியின் முதல் 16 எழுத்தை வெட்டி ஒட்டுவதும் நடக்கிறது. ஐசி எண் கோடுகளோடு சேர்த்தே 14 எழுத்து. ஒரே துண்டில் அடங்கிவிடும். ஆக, திரும்பவும் ஈசிபி கதைதான். சிபிசிக்கு ஒவ்வொரு முறையும் ஊகிக்க முடியாத புது ஐவி வேண்டும். அது ரகசியம் இல்லை. பூட்டிய தகவலின் முன்னாலேயே ஒட்டி வைக்கலாம்.

ஐவியை மாற்றாமல் வைப்பதற்குச் சோம்பல் மட்டும் காரணமல்ல. கிராணி (தோட்டக் குமாஸ்தா) ஐசி எண்ணைத் தட்டினால் ஆள் வரவேண்டுமே! ஐவி மாறினால் பூட்டிய கோவையும் மாறி, தேடல் நடக்காது. அதற்கு வேறொரு சாவியில் எச்மேக்-ஷா256 (சாவி சேர்த்துக் கணக்கிடும் அடையாளக் கோவை) கணக்கிட்டு டேட்டாபேஸின் தனிப் பத்தியில் வைத்து, அதில் தேடுங்கள்.

புதிதாக எழுதுவதென்றால் ஜிசிஎம் எடுங்கள். பூட்டுவதோடு, தகவலை யாரும் மாற்றவில்லை என்று காட்டும் 'டேக்' என்ற முத்திரையும் சேர்க்கும் மோடு அது. ஆனால் அதில் ஒரே சாவியோடு நான்ஸ் (ஐவி போல, ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் மதிப்பு) திரும்ப வந்தால் சேதம் இன்னும் மோசம். 1700-ஐ 1850 ஆக்கி அதே நான்ஸில் சேமித்ததாக வைத்துக்கொள்வோம். பூட்டிய பழையதையும் புதியதையும் எக்ஸோர் (பிட் பிட்டாக ஒப்பிடும் கணக்கு) செய்தால், பதினாறடிமான எண்ணில் 00 0எஃப் 05 00 கிடைக்கும். பழைய சம்பளம் தெரிந்தவருக்கு 7 எட்டானதும் 0 ஐந்தானதும் அப்படியே தெரியும். போதாததற்கு, போலித் தகவலை நம்பவைக்கும் வழியும் திறந்துவிடும்.

நான்ஸ் 12 பைட். பிஎச்பியில் ரேண்டம்_பைட்ஸ், பைத்தானில் ஓஎஸ்.யுரேண்டம், சாதா ரேண்ட் வேண்டாம். இப்படி எடுத்தால் ஒரு சாவிக்கு 2-இன் 32-ஆம் அடுக்கு முறை வரை எழுதலாம். எந்தத் தோட்டமும் அதை எட்டப் போவதில்லை. கவுண்டர் வைத்தால்தான் வம்பு: பேக்கப்பை மீட்டதும் எண் பின்னோக்கிப் போய்ப் பழைய நான்ஸ் மறுபடி வரும்.

பத்தியின் அகலத்தையும் பாருங்கள். கோடில்லாத ஐசி எண் 12, நான்ஸ் 12, டேக் 16, ஆக 40 பைட். பேஸ்64 (பைட்டுகளை எழுத்துகளாக்கும் முறை) ஆக்கினால் 56 எழுத்து. 50 எழுத்துப் பத்தியில் மைஎஸ்கியூஎல் கண்டிப்பு முறையில் இல்லாவிட்டால் வாலை வெட்டிவிட்டு, எச்சரிக்கையோடு நிறுத்திக்கொள்ளும். டேக் போனது சம்பள நாளன்று திறக்கும்போதுதான் தெரியும்.

தொழிலாளர் எண்ணையும் பத்தியின் பெயரையும் ஏஏடியாக (பூட்டாமல், டேக் கணக்கில் மட்டும் சேர்க்கும் தகவலாக) கொடுங்கள். இல்லாவிட்டால் மண்டோரின் (வேலைக் கண்காணி) சம்பளக் கோவையை நகலெடுத்து வேறொருவர் வரிசையில் ஒட்டினாலும் டேக் சரியென்றே சொல்லும்.

பழைய தகவலை மாற்றும்போது முன்னால் ஒரு பதிப்பு பைட் சேருங்கள். பழையது எது, புதியது எது என்று கோட் அதைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளும். புதிய முறைக்குச் சாவியும் புதிது. மாற்றி முடித்ததும் ஆபீஸ் மேசையில் கிடக்கும் பழைய தம்ப்டிரைவ் பேக்கப்புகளையும் தேடி அழியுங்கள். அவற்றில் ஈசிபி கோவைகள் அப்படியே இருக்கும்.