சூடு பண்ணித்தான் சாப்பிட்டோம், டாக்டரம்மா

இந்த மாதத்தில் இது மூன்றாவது குடும்பம். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் காதுகுத்து. காலை 11 மணிக்குத் தம் உடைத்த பிரியாணி, பந்தி முடிந்தபின் அண்டாவில் கால்வாசி மிஞ்சியிருக்கிறது. தட்டைப் போட்டு மூடிச் சமையலறை மூலையில் வைத்துவிட்டார்கள். இரவு 8.30க்கு அதை வாணலியில் போட்டுச் சூடாக்கி ஐந்து பேர் சாப்பிட்டிருக்கிறார்கள். 11 மணிக்கு முதல் வாந்தி. நள்ளிரவு தாண்டி என் கிளினிக் வாசலில் இரண்டு ஆட்டோ.

மூன்று குடும்பமும் சொன்னது ஒரே பதில்தான்: "நல்லா சூடு பண்ணித்தான் சாப்பிட்டோம், டாக்டரம்மா."

அப்புறம் குற்றவாளியைத் தேடும் படலம். கறிக்கடைக்காரர் பழைய கறியைத் தள்ளிவிட்டிருப்பார், எண்ணெய் சரியில்லை, யாரோ கண் வைத்துவிட்டார்கள். பாட்டி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பல்லி கில்லி விழுந்திருக்குமோ?" என்றார். பல்லி பாவம். நம் வீட்டுச் சுவர்ப் பல்லிக்கு விஷமே கிடையாது. அதன் எச்சத்தில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், அதற்காகப் பாத்திரத்தை மூடி வையுங்கள், சரி. ஆனால் மதியம் நூறு பேர் சாப்பிட்டு ஒருவருக்கும் ஒன்றும் ஆகாமல், இரவு சாப்பிட்ட ஐந்து பேர் மட்டும் படுத்துவிட்டால், நான் பல்லியைப் பற்றிக் கேட்க மாட்டேன். நடுவில் போன ஒன்பதரை மணி நேரத்தைப் பற்றித்தான் கேட்பேன்.

இந்தச் "சூடு பண்ணினால் சரியாகிவிடும்" நம்பிக்கையைக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். அரிசியில் வயல் மண்ணிலிருந்து ஒட்டிக்கொண்டு வரும் ஒரு பாக்டீரியாவின் பெயர் பேசில்லஸ் சீரியஸ். அதன் வித்துகள், அதாவது விதைபோல உறங்கிக் கிடக்கும் அதன் வடிவம், கொதிக்கும் உலையிலும் பிழைத்துக் கிடக்கும். சோறு வெதுவெதுப்பாக ஆறும்போது முளைத்துப் பெருக ஆரம்பிக்கும். தோதான சூட்டில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாவதாக வைத்துக்கொண்டால், 1 என்பது 7 மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டிவிடும். பெரிய அண்டா என்றால் நடுப்பகுதி ஆறவே பல மணி நேரமாகும். அதாவது, அந்தத் தோதான சூட்டை நாமே காபந்து பண்ணிக் கொடுக்கிறோம்.

பெருகும்போது அது சோற்றில் ஒரு நஞ்சை வெளிவிடும். வாந்திக்குக் காரணம் அந்த நஞ்சு. 121 டிகிரியில் 90 நிமிடம் வைத்தாலும் அது அழியாது. 121 டிகிரி என்பது அறுவைக் கருவிகளைக் கிருமி நீக்க நாங்கள் ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கலத்தில் வைக்கும் வெப்பம். உங்கள் வாணலி எந்த மூலைக்கு? பரிமாறுகிறவரின் மூக்கிலிருந்தும் விரல் புண்ணிலிருந்தும் வரும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமியின் நஞ்சும் அரைமணி நேரம் கொதிக்க வைத்தாலும் தாங்கும். பாம்பை அடித்துக் கொன்றாயிற்று, சரி. கடிவாயில் ஏறிய விஷம் அதனால் இறங்கிவிடுமா?

வாசனை பார்த்தோம் என்பார்கள். நாறவைக்கும் கிருமிகள் வேறு, படுக்க வைக்கும் கிருமிகள் வேறு. பட்டை, கிராம்பு போட்ட பிரியாணியில் நீங்கள் எதை மோந்து கண்டுபிடிக்கப் போகிறீர்கள்?

அடுத்து, எனக்குக் கட்டாயம் வரும் கேள்வி: "எங்க தாத்தா பழைய சோறு சாப்பிட்டு எண்பது வயசு வரைக்கும் இருந்தாரே?" இருந்தார். அவர் சாப்பிட்டது தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைத்த சோறு. அந்தத் தண்ணீரில் லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பெருகிப் புளிப்பேற்றும், அந்தப் புளிப்பில் பல கெட்ட கிருமிகளால் தலைதூக்க முடியாது. கோயில் பயணத்துக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போனார்களே தவிர, கறிக்குழம்புச் சோறு கட்டவில்லை. அவர்களுக்குக் கிருமியின் பெயர் தெரியாது, எது தாங்கும் எது தாங்காது என்று தெரிந்திருந்தது. நாமோ தாத்தாவின் பெயரைச் சொல்லிச் சிக்கன் குருமாவைத் திண்ணையில் வைக்கிறோம். மதியச் சோறு மாலை முழுக்கக் கிடந்துவிட்டு, இரவு 10 மணிக்குத் தண்ணீர் ஊற்றினால்கூடப் பிரயோஜனமில்லை. முன்பே உண்டாகிவிட்ட நஞ்சைப் புளிப்பு ஒன்றும் செய்யாது. (நேற்று வைத்த மீன்குழம்புக்கு நானும் அடிமைதான். ஆனால் என் வீட்டில் அது ராத்திரி ஃப்ரிட்ஜில் இருக்கும்.)

2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தபோது ஊரே ஷவர்மாவைக் கண்டு பயந்தது. பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டபோது எல்லாரும் கை தட்டினோம். அதே மயோனைஸை மிக்சியில் பச்சை முட்டை ஊற்றி வீட்டில் அடித்துப் பிள்ளைக்குக் கொடுத்தால் "சுத்தமான வீட்டுத் தயாரிப்பு" ஆகிவிடுகிறது. சால்மோனெல்லாவுக்கு உங்கள் வீடும் கடையும் ஒன்றுதான்.

செய்ய வேண்டியது பெரிய வித்தையில்லை. சமைத்த உணவு வெளியே இருக்கலாம் 2 மணி நேரம், சித்திரை வெயிலில் 1 மணி நேரம். அதற்கு மேல் வைப்பதானால் 60 டிகிரிக்கு மேல் சூடாகவோ 5 டிகிரிக்குக் கீழே குளிராகவோ இருக்கட்டும். அண்டாவோடு ஆறவிடாதீர்கள், அகலமான தட்டுகளிலோ சின்னச் சின்ன டப்பாக்களிலோ பிரித்து வையுங்கள், சீக்கிரம் ஆறும். முழுக்க ஆறினால்தான் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும் என்று ராத்திரி வரை காத்திருக்க வேண்டாம். எடுத்துச் சூடாக்குவது ஒரே ஒருமுறை, அதுவும் ஆவி பறக்க. பச்சைக் கறியை அடித்தட்டில், மூடிய டப்பாவில் வையுங்கள். கோழியைக் குழாயடியில் போட்டு அலசினால் அந்தத் தண்ணீர் பக்கத்தில் இருக்கும் கொத்தமல்லி மேலும் தெறிக்கும். கரண்ட் பில்லை மிச்சப்படுத்த ராத்திரி ஃப்ரிட்ஜை அணைத்து வைக்கிறவர்களும் என்னிடம் வருகிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

வாந்தி பேதி வந்துவிட்டால் மெடிக்கல் ஷாப்பில் செட் மாத்திரை வாங்காதீர்கள். ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைக் கரைசலைக் கொடுங்கள். 1 லிட்டர் பாக்கெட்டை 1 லிட்டர் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். டம்ளரில் பாதிப் பாக்கெட்டைக் கொட்டிக் குடிக்க வைத்து, உப்பு ஏறிப்போன குழந்தையைக் கொண்டுவருகிறார்கள். மலத்தில் ரத்தம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, குழந்தை துவண்டு கிடக்கிறது, குடித்த தண்ணீரும் நிற்கவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கர்ப்பிணிகளும் முதியவர்களும் அதற்கு முன்பே வந்துவிடுங்கள்.

அந்தக் காதுகுத்து வீட்டில் ஐந்து பேரும் தேறிவிட்டார்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது அந்த அம்மாவிடம், மீதியை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"கொட்ட மனசு வரலை டாக்டரம்மா. ஃப்ரிட்ஜுல எடுத்து வச்சுட்டுத்தான் ஆட்டோ ஏறினோம்."

அங்கேயே வீட்டுக்குப் போன் போட வைத்தேன். நாய்க்கும் போட வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லச் சொன்னேன்.